வாரம் ஒரு மசாஜ், மூணாம் நாள் அதே கட்டி: இன்னும் ஆழமா அழுத்தணுமா?

புதுக்கடிவாளம் | ஜூன் 3, காலை 6.12

9 வயசுக் குதிரை, காயடிச்ச ஆண், 480 கிலோ. வாரத்தில் அஞ்சு நாள் சவாரி. இடது வட்டத்தில் வளையவே மாட்டேங்குது. வாராவாரம் ஒரு மணி நேரம் முழு உடம்புக்கும் மசாஜ் நடக்குது. அன்னைக்கும் மறுநாளும் நடை நல்லா இருக்கு. மூணாம் நாள் சேணத்தைக் கொண்டு போனாலே காதை மடக்குது. வலப்பக்கம், சேணம் முடியுற இடத்துக்குக் கொஞ்சம் பின்னாடி, அதே இடத்தில் அதே கட்டி. இன்னும் ஆழமா அழுத்தணுமா, வாரத்துக்கு ரெண்டு தடவை ஆக்கணுமா?

லாயம்12 | ஜூன் 3, காலை 7.05

ரெண்டும் வேண்டாம். ஒரே இடத்தில் ஒரே கட்டி திரும்பத் திரும்ப வந்தா அந்தத் தசை குற்றவாளி இல்லை, புகார் கொடுக்க வந்த ஆள். நீங்க வாராவாரம் ஒரு மணி நேரம் அந்த ஆளைச் சமாதானப்படுத்தி அனுப்புறீங்க. வெளியே போனதும் மறுபடி அடி விழுது, மறுபடி வந்து நிக்குது.

இடது வட்டத்தில் வளையலைன்னதும் இடப்பக்கத்தைப் பிடிச்சுத் தேய்க்கிறவங்க உண்டு. வளையும்போது உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும். இடது பக்கம் வளைய வலப்பக்கத் தசை நீண்டு கொடுக்கணும். உங்க கட்டி வலப்பக்கம் இருக்கு, கணக்கு ஒத்துப்போகுது. அது ஏன் நீள மறுக்குதுங்கிறதைத்தான் தேடணும். தேடுற வரிசை: சேணம், குளம்பு, பின்கால் நொண்டல், பல், மேலே உட்காருகிறவர். கடைசி ஆளை யாரும் சோதிக்க விடமாட்டாங்க, அதனாலதான் கடைசியில் வெச்சேன்.

மூணு விஷயம் சொல்லுங்க. கடைசியா லாடம் மாத்தி எத்தனை வாரம்? சேணத்தை எடுத்ததும் வியர்வை எப்படிப் பதிஞ்சிருக்கு? சேணம் ஒரு பக்கமா நகருதா?

லாயம்12 | ஜூன் 3, காலை 7.48

பதில் வர்றதுக்குள்ள, முதுகைக் கையால் படிக்கிற முறை.

சமதளமா இருக்கணும், நாலு காலும் சதுரமா ஊன்றி நிக்கணும். ஒரு பின்காலை ஓய்வுக்கு மடக்கி நின்னா அந்தப் பக்க இடுப்புத் தசை தளர்ந்திருக்கும், ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட முடியாது. கட்டிப் போடாதீங்க, ஒருத்தர் கயிற்றைப் பிடிக்கட்டும். நீங்க எந்தப் பக்கமோ அவரும் அதே பக்கம். குதிரை திமிறினா தலையை உங்க பக்கம் இழுப்பார், பின்பாதி உங்களை விட்டு விலகும். எதிர்ப்பக்கம் நின்னு இழுத்தா அந்தப் பின்பாதி நேரா உங்க மேல வரும். மோதிரம், கடிகாரத்தைக் கழட்டிடுங்க. உட்காரவோ மண்டியிடவோ வேண்டாம், குனிஞ்சா போதும்.

முதல் சுற்று: முதுகெலும்பை விட்டு நாலு விரல் தள்ளி, விதர்ஸ்ல (கழுத்து முதுகோட சேருற மேடு) இருந்து வால் அடி வரைக்கும் உள்ளங்கை முழுசும் படிய இழுத்துட்டு வாங்க. கையோட எடை மட்டும்தான், அழுத்தமே கிடையாது. சூடு, வீக்கம், ரோமம் ஏறுமாறா நிக்கிற இடம், இதுக்குத்தான் இந்தச் சுற்று. சூட்டுக்குப் புறங்கையால ஒரு தடவை.

ரெண்டாம் சுற்று: அதே கோடு, மூணு விரல் நுனிச் சதை. நகம் படக்கூடாது. ஒரு இடத்தில் அழுத்தத்தை மெதுவா ஏத்தி, 3 வினாடி நிறுத்தி, மெதுவா விட்டு, ஒரு உள்ளங்கை அகலம் தள்ளிப் போங்க. எது இறுக்கம்னு தெரியலைன்னா உங்க கையிலயே அளவுகோல் இருக்கு. கையைத் தளர்த்திக் கட்டைவிரல் அடிச்சதையை அமுக்குங்க, அது நல்ல தசை. முஷ்டியை இறுக்கிக்கிட்டு அதே இடத்தை அமுக்குங்க, அது இறுகின தசை. குதிரை சும்மா நிக்கும்போதே ரெண்டாவது மாதிரி இருந்தா குறிச்சுக்கணும்.

மூணாம் சுற்று: எதிர்ப்பக்கம் போய் அதேயே செய்யுங்க. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்றது பாதிச் சாட்சியை விசாரிச்ச மாதிரி.

0 முதல் 3 வரை நோட்டில் எழுதுங்க. 0 ஒன்னும் இல்லை. 1 இறுக்கம் இருக்கு, குதிரை கண்டுக்கலை. 2 காது, கண், வால் ஏதோ ஒன்னு பேசுது. 3 முதுகைத் தாழ்த்துது, விலகுது, கடிக்க வருது. 3 வந்தா கையை எடுத்துட்டு மருத்துவரைக் கூப்பிடுங்க, மசாஜ் வேலை அங்க இல்லை.

லாயம்12 | ஜூன் 3, காலை 8.02

மேல சொன்னதில் ஒன்னு விட்டுட்டேன். விரல் வேகமா உரசினா தோல் சிலிர்க்கும், ஈ உட்கார்ந்தா சிலிர்க்கிற அதே தோல்தசை. அது வலி இல்லை. பேனா முனையால முதுகில் கோடு இழுத்தா எந்தக் குதிரையும் முதுகை வளைக்கும், அதுவும் வலி இல்லை. இதைச் செஞ்சு காட்டி "பாருங்க, முதுகு போச்சு"ன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. மெதுவா ஏத்தின அழுத்தத்துக்கு, ஒரே இடத்தில், மூணு நாள் வித்தியாசத்தில் ரெண்டு தடவையாவது அதே பதில் வந்தாதான் கணக்கு.

நாலுகுளம்பு | ஜூன் 3, மதியம் 1.20

அப்போ மசாஜே வீண்னு சொல்றீங்களா? வேலைக்கு அப்புறம் தசையில் தேங்குற லாக்டிக் அமிலத்தை வெளியேத்த வேற என்ன வழி?

லாயம்12 | ஜூன் 3, மாலை 5.30

வீண்னு எங்க சொன்னேன்? லாக்டிக் அமிலக் கதையை மட்டும் விட்டுடுங்க. கடும் ஓட்டம் முடிஞ்சு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் உடம்பு தானா அதை எரிச்சுடும். அதை வேகப்படுத்தணும்னா கை தேவையில்லை, கால் போதும்: வேலை முடிஞ்சதும் நிறுத்தாம 10, 15 நிமிஷம் நடத்துங்க. மறுநாள் வர்ற வலிக்கு லாக்டிக் அமிலம் காரணமும் இல்லை, பழக்கமில்லாத வேலையில் தசை நார்களில் விழுற நுண்ணிய சேதம்தான் காரணம். "நச்சை வெளியேத்துறது"ங்கிற பேச்சும் இதே ரகம்.

மசாஜ் தர்றது வேற. 1993ல் பிரான்ஸ் நாட்டுக் காமார்க் இனக் குதிரைகளை வெச்சு ஒரு ஆய்வு வந்தது. குதிரைங்க ஒன்னுக்கொன்னு பல்லால சொறிஞ்சு விடுமே, அந்த விதர்ஸ் பக்கத்து இடத்தைக் கையால் சொறிஞ்சு விட்டா இதயத் துடிப்பு இறங்கினது பதிவாச்சு. வேற இடத்தில் சொறிஞ்சப்போ அப்படி இறங்கலை. அமைதி, தொடுதலை ஏத்துக்கிற பழக்கம், இறுக்கத்தில் தற்காலிகத் தளர்வு, எல்லாத்துக்கும் மேல தினம் ஒரு தடவை உடம்பு முழுக்கக் கை போறது. புதுசா ஒரு சூடு, ஒரு வீக்கம் வந்தா அன்னைக்கே தெரியும். அந்தக் கடைசிப் பலன் ஒன்னே போதும்னு நான் நினைக்கிறேன்.

நாலுகுளம்பு | ஜூன் 3, மாலை 5.41

சரி, முறையைச் சொல்லுங்க. வாதாடுறது அப்புறம்.

லாயம்12 | ஜூன் 3, இரவு 9.15

எப்போ? சவாரிக்கு முன்னாடி 5 முதல் 10 நிமிஷம், லேசா, கொஞ்சம் சுறுசுறுப்பா. தூங்க வைக்கிற மாதிரி நீண்ட நேரம் பண்ணிட்டு உடனே வேலை வாங்காதீங்க. முழு மசாஜ் 40 முதல் 60 நிமிஷம், அன்னைக்குக் கடும் வேலை கிடையாது, மறுநாள் லேசான வேலை. போட்டி இருந்தா முழு மசாஜுக்கும் போட்டிக்கும் நடுவில் குறைஞ்சது 2 நாள். இதுவரைக்கும் மசாஜே பார்க்காத குதிரைக்குப் போட்டி வாரத்தில் முதல் தடவை பண்ணுறது சூதாட்டம்.

முன்னாடி ரப்பர் சீப்பால வட்டமா தேய்ச்சு மண்ணை எடுங்க. மண்ணோட தேய்ச்சா உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்ச மாதிரிதான். எண்ணெய் வேண்டாம். ரோமத்தில் எண்ணெய் நின்னா தூசி ஒட்டும், அதுக்கு மேல சேணப் பேட் போட்டா உரசிப் புண்ணாகும். காஞ்ச கையே போதும்.

கழுத்தில் ஆரம்பிங்க. காதுக்குப் பின்னாடி இருந்து தோள் வரைக்கும் உள்ளங்கையால 5, 6 தடவை நீவுங்க. ஒரு நீவலுக்கு 5 வினாடியாவது ஆகணும், வேகம் குறைய குறைய நல்லது. அப்புறம் கழுத்து மேல்விளிம்பு, பிடரி மயிருக்குக் கீழே, கட்டைவிரலுக்கும் நாலு விரலுக்கும் நடுவில் பிடிச்சுப் பிசைஞ்சுக்கிட்டே கீழ இறங்குங்க.

தோள். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்கால் ரெண்டும் எலும்பு மூட்டில் மாட்டலை, விலாக்கூட்டைத் தசைகள்தான் தொட்டில் மாதிரி ஏந்திக்கிட்டு இருக்கு. நிக்கும்போது உடம்பு எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்கால் மேல. அதனால தோள்பட்டை எலும்புக்கு முன்னும் பின்னும், மார்புத் தசை, முழங்கைக்குப் பின்னாடி வயிற்றுவார் படுற இடம், இங்க அவசரப்படாதீங்க. கையைத் தளர்வான முஷ்டியாக்கி அமுக்கு, 2 வினாடி, விடு. தோளோட பெரிய தசை முழுக்க இப்படி.

முதுகு: எலும்பு மேல எப்பவும் அழுத்தம் கிடையாது, ரெண்டு பக்கத் தசை மட்டும். கடைசி விலாவுக்குப் பின்னாடி இடுப்பு வரைக்கும் உள்ள பகுதிக்குக் கீழே விலா தாங்கலே இல்லை, அங்க உள்ளங்கையோட நிறுத்துங்க. புட்டமும் தொடையின் பின்பக்கமும் பெரிய தசைங்க, அங்க முழங்கையைக் கூட உபயோகிக்கிறவங்க உண்டு. எனக்கு உடன்பாடில்லை. முழங்கைக்கு உணர்ச்சி கம்மி, குதிரை என்ன பதில் சொல்லுதுன்னு அதுக்குக் கேக்காது.

முன்கால் முட்டிக்குக் கீழேயும் பின்கால் முட்டிக்குக் கீழேயும் பிசையத் தசையே கிடையாது. தசைநாண், இணைப்பு நார், எலும்பு, தோல், அவ்வளவுதான். அங்க கை வெச்சுச் சூடு பாருங்க, ரெண்டு காலையும் ஒப்பிடுங்க. அழுத்தித் தேய்க்காதீங்க.

அழுத்தம் எவ்வளவுன்னு கேப்பீங்க. உதட்டை நக்கி மெல்லுறது, கொட்டாவி, கீழுதடு தொங்குறது, தலை இறங்குறது, பெருமூச்சு வந்தா அளவு சரி. மூக்குத் துவாரம் இறுகுது, கண்ணுக்கு மேல உள்ள சதை முக்கோணமா கூர்மையாகுது, தாடைத் தசை கல்லாகுதுன்னா அதிகம். மூச்சைப் பிடிச்சு வெச்சுக்கிட்டுச் சிலையா நிக்குறதும் "பொறுமையான குதிரை" இல்லை, தாங்கிக்கிட்டு நிக்குது.

லாயம்12 | ஜூன் 4, காலை 5.50

ராத்திரி எழுதினதில் ஒரு திருத்தம். கழுத்தில் ஆரம்பிங்கன்னேன். தலைப்பக்கம் கை வந்தா கூசுற குதிரைக்கு அது தப்பான வாசல். விதர்ஸ்ல ஆரம்பிச்சு, 2 நிமிஷம் அங்கேயே சொறிஞ்சு விட்டு, அப்புறம் கழுத்துக்குப் போங்க. யோசிச்சுப் பார்த்தா எல்லாக் குதிரைக்குமே அதுதான் மேல்.

புதுக்கடிவாளம் | ஜூன் 4, காலை 8.30

பதில்கள். லாடம் மாத்தி 9 வாரம் ஆச்சு. வியர்வை: ரெண்டு பக்கமும் நனைஞ்சிருக்கு, ஆனா விதர்ஸுக்குப் பக்கத்தில் வலது பக்கம் மட்டும் உள்ளங்கை அளவு காஞ்ச இடம். சேணம் வலது பக்கமா நகருது. வயிற்றுவாரை இறுக்கினா குறையுது. நீங்க சொன்ன மாதிரி எண் போட்டேன்: வலது முதுகு 2, இடது 1, வலது புட்டம் 2.

லாயம்12 | ஜூன் 4, காலை 9.10

வயிற்றுவாரை இறுக்கி நகர்றதை நிறுத்தாதீங்க. அது அறிகுறியைக் கட்டிப் போடுற வேலை.

9 வாரம் ரொம்ப அதிகம். குளம்பு மாசத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். 9 வாரத்தில் முன்னங்குளம்பு நீண்டு, குதிகால் தாழ்ந்து, ஒவ்வொரு அடியிலும் குளம்பு புரண்டு எழும்ப நேரம் பிடிக்கும், தசைநாண் மேல இழுவை ஏறும். 6 வாரத்துக்கு ஒரு தடவைன்னு நாள் குறிச்சு வெச்சுக்கோங்க, மிஞ்சினா 8.

காஞ்ச இடம்: அங்க சேணம் அதிகமா அழுத்துது, வியர்வைச் சுரப்பியை நசுக்குது.

நாலுகுளம்பு | ஜூன் 4, காலை 9.26

அவசரப்படாதீங்க. காஞ்ச இடத்துக்கு எதிர்க் காரணமும் இருக்கே. சேணம் அங்க படவே இல்லைன்னாலும் வியர்வை வராம காஞ்சிருக்கலாம்.

லாயம்12 | ஜூன் 4, காலை 9.40

ஒத்துக்கிறேன். காஞ்ச இடத்துக்கு ரெண்டு காரணமும் உண்டு, வியர்வையை மட்டும் வெச்சு முடிவு சொல்ல முடியாது. பிரிச்சுப் பார்க்க வழி: பேட் இல்லாம வெறும் முதுகில் சேணத்தை வெச்சு, வார் கட்டாம, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பிச் சேணத்துக்கும் தோளுக்கும் நடுவில் மேலிருந்து கீழே இழுங்க. ஒரே அழுத்தமா போகணும். ஒரு இடத்தில் கை மாட்டிக்கிட்டா அங்க நசுங்குது. கை திடீர்னு காத்துல மிதந்தா அங்க படலை. அந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்க ஆரம்பிச்சிருந்தா ரொம்ப நாளா நசுங்குதுன்னு அர்த்தம்.

கூடவே இன்னும் மூணு. சேணத்துக்குள்ள இருக்கிற சட்டத்தின் முன்முனை தோள்பட்டைக்கு 2, 3 விரல் பின்னாடி உட்காரணும். கால் முன்னாடி போகும்போது தோள்பட்டையின் மேல்முனை பின்னாடி சரியும், அதுக்கு இடம் வேணும். சேணத்தின் அடியில், முதுகெலும்புக்கு மேல வர்ற நடு ஓடை முழு நீளத்துக்கும் 3, 4 விரல் அகலம். கடைசி விலாவை வயிற்றில் இருந்து விரலால் தடவிக்கிட்டே மேல வந்தா முதுகெலும்பை எட்டுற இடம் தெரியும், சேணம் அதைத் தாண்டிப் பின்னாடி போகக்கூடாது. உங்க கட்டி அந்தக் கோட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?

இதெல்லாம் சரியா இருந்தும் சேணம் எப்பவும் ஒரே பக்கம் நகர்ந்தா பின்கால் நொண்டலைச் சந்தேகிக்கணும். கண்ணுக்கே தெரியாத லேசான நொண்டலா இருக்கும், பெரும்பாலும் நொண்டுற காலோட பக்கமாவே சேணம் சரியும். வலது புட்டம் 2ன்னு எழுதியிருக்கீங்க. மருத்துவரைக் கூப்பிடுங்க. அவர் வர்றதுக்கு முன்னாடி 3 நாள் மசாஜ் வேண்டாம், வலி மாத்திரையும் வேண்டாம். அவர் பார்க்க வேண்டியதை நீங்களே மறைச்சு வைக்காதீங்க.

லாயம்12 | ஜூன் 6, இரவு 8.05

தொடவே கூடாத நேரம் எதுன்னு தனியா எழுதச் சொல்லி ஒருத்தர் கேட்டார்.

காய்ச்சல் இருந்தா கூடாது. சும்மா நிக்கிற வளர்ந்த குதிரைக்கு வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், துடிப்பு நிமிஷத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. உங்க குதிரையோட சொந்த எண்ணை நல்லா இருக்கும்போதே எடுத்து எழுதி வெச்சுக்கோங்க. புதுக் காயம், புது வீக்கத்துக்கு முதல் 72 மணி நேரம் கிட்ட போகாதீங்க. படர்தாமரை இருந்தா உங்க கையே அடுத்த குதிரைக்குக் கொண்டு போகும். வெள்ளைக் குதிரைக்கு வால் அடியில் கறுத்த உருண்டைக் கட்டி இருந்தா அமுக்கிப் பார்க்காதீங்க.

ரெண்டு அவசரம் தெரிஞ்சிருக்கணும். ஒன்னு, வேலை நடுவிலயோ முடிஞ்சோ புட்டத் தசை பலகையாகி, வியர்த்துக் கொட்டி, அடி எடுத்து வைக்க மறுக்குது, சிறுநீர் காப்பி நிறத்தில் போகுது. தசை நார் உடைஞ்சு சிறுநீரகத்துக்குப் போகுது. "பிடிச்சுக்கிச்சு, தேய்ச்சு நடத்தினா சரியாகும்"னு நினைக்கிற இடம் இதுதான். நடத்தவும் கூடாது, தேய்க்கவும் கூடாது. நின்ன இடத்திலயே நிழல், தண்ணி, மருத்துவர். இன்னொன்னு, குளம்பு சூடாகி, குளம்புக்கு மேல் மூட்டின் பின்பக்கம் ரெண்டு ஓரத்திலும் நாடி தடதடன்னு அடிக்குது, உடம்பைப் பின்னுக்குச் சாய்ச்சு நிக்குது. அது குளம்புத் தாள் அழற்சி. அதுவும் உங்க கைக்கு உள்ள வேலை இல்லை.

நாலுகுளம்பு | ஜூன் 7, காலை 7.15

காது மடக்குறதைப் பத்தி யாரும் பேசலையே. வார் கட்டும்போது கடிக்க வர்ற குதிரைக்கு மார்புத் தசையைத் தேய்ச்சா போதுமா?

லாயம்12 | ஜூன் 7, காலை 7.50

போதாது. குதிரை வயிறு சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் அமிலத்தைச் சுரந்துக்கிட்டே இருக்கும். மெல்லும்போது மட்டும்தான் எச்சில் வரும், அமிலத்தைத் தணிக்க அதுதான் இருக்கு. 6 மணி நேரம் வெறும் வயிறா நின்னா வயிற்றின் மேல்பாதியில் புண் வர வழி திறந்தாச்சு. பந்தயப் பயிற்சியில் உள்ள குதிரைகளில் பெரும்பாலானவைக்கு இது உண்டு. வார் கட்டினா வலிக்கிறது தசையா, வயிறாங்கிறதைக் கையால் பிரிக்க முடியாது, உள்நோக்குக் கருவி விட்டுப் பார்க்கணும். அதுவரைக்கும் சவாரிக்கு அரை மணி முன்னாடி ரெண்டு கைப்பிடி உலர்புல் கொடுங்க. ஓடும்போது அமிலம் மேல தெறிக்காம அது மெத்தை மாதிரி மிதக்கும்.

நாளைக்கு உடம்பு எடையில் 1.5 முதல் 2 சதவீதம் புல், ஈரம் கழிச்ச கணக்கில். 480 கிலோவுக்கு 7.2 முதல் 9.6 கிலோ. தரையில் போட்டுக் கொடுங்க. உயரத்தில் வலை கட்டித் தலையைத் தூக்கியே தின்ன வெச்சுட்டு, கழுத்தடி இறுகுதுன்னு ஒரு மணி நேரம் பிசைஞ்சா நாம யாருக்கு வேலை பார்க்குறோம்?

புதுக்கடிவாளம் | ஜூன் 7, காலை 9.00

வலை என் தோள் உயரத்தில்தான் தொங்குது. அவிழ்த்தாச்சு. தைலம் பூசலாமா? ஒரு பாட்டில் இருக்கு, தடவினா சூடு ஏறும்னு போட்டிருக்கு.

லாயம்12 | ஜூன் 7, இரவு 8.40

சூடேத்துற தைலத்தைத் தடவி அதுக்கு மேல சேணமோ கட்டோ போட்டா தோல் வெந்துபோகும். போட்டிக்குப் போற குதிரைன்னா இன்னொரு பள்ளம் இருக்கு. 2008 ஒலிம்பிக்ஸ் குதிரையேற்றம் ஹாங்காங்கில் நடந்தப்போ நாலு தாண்டுகுதிரைங்க மருந்துச் சோதனையில் மாட்டுச்சு. பொருள் காப்சைசின், மிளகாயோட காரம். நார்வே அணி வெண்கலத்தையே பறிகொடுத்தது. பாட்டில் பின்பக்கம் முழுசா படிக்காம தடவாதீங்க. "மூலிகை"ன்னு போட்டிருந்தா ரெண்டு தடவை படிங்க.

குளிர்விக்கிறதுக்குத் தண்ணி போதும். சூடான தசையில் பச்சைத் தண்ணி பட்டா பிடிச்சுக்கும்னு ஒரு பயம் உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் வெயிலை நினைச்சுச் செஞ்ச ஆய்வுகள் அந்தப் பயத்தைப் போக்கிடுச்சு. உடம்பு முழுக்க நிறுத்தாம ஊத்துங்க, மூச்சு தணியுற வரைக்கும். நடுவில் வழிச்சு எடுக்க வேண்டியதில்லை, ஊத்திக்கிட்டே இருக்கிறதுதான் வேகம். குதிரை வியர்வையில் உப்பு நம்ம வியர்வையை விட ரொம்ப அதிகம், தண்ணி மட்டும் கொடுத்தா ஈடாகாது. வேலை இல்லாத நாளிலேயே 25, 30 கிராம் உப்பு வேணும், வியர்த்த நாளில் மேல.

லாயம்12 | ஜூன் 8, காலை 6.20

மசாஜை விட நான் அதிகம் நம்புறது கேரட் நீட்டல், அதாவது கேரட்டைக் காட்டிக் குதிரையைத் தானா கழுத்தை வளைச்சு எட்ட வைக்கிறது. 2011ல் வந்த ஒரு ஆய்வு: 8 குதிரை, வாரம் 5 நாள், 3 மாசம், ஒவ்வொரு அசைவும் 5 தடவை. முதுகெலும்பை ஒட்டி அதைத் தாங்குற ஆழமான தசையோட குறுக்களவு கூடியிருந்தது. நாம பிசையுறது எதுவும் அந்த ஆழத்துக்குப் போகாது.

சுவரை ஒட்டிக் குதிரையை நிறுத்துங்க, பின்னாடி நழுவாது. கீழ்நோக்கி மூணு: மோவாய் மார்புக்கு, முட்டிங்களுக்கு நடுவில், குளம்புக்கு மேல் மூட்டுங்களுக்கு நடுவில். பக்கவாட்டில் மூணு: வார் கட்டுற இடம், இடுப்பு, பின்கால் முட்டி. ஒவ்வொன்னிலும் 5 வினாடி நிறுத்துங்க. தலையைத் திருகிக் குறுக்கு வழியில் எட்டிப் பிடிச்சா கணக்கில் சேர்க்காதீங்க, காது ரெண்டும் ஒரே மட்டத்தில் இருக்கணும். உடம்பு சூடேறின பிறகு, அதாவது 10 நிமிஷ நடைக்கு அப்புறம். முதல் வாரம் பாதி தூரம் எட்டினாலே போதும்.

காலை இழுத்து நீட்டுறதுக்கும் இதே விதிதான். முன்காலை முன்னாடி தூக்கிப் பிடிச்சுக் காத்திருங்க, குதிரை தானா நீட்டும். 10 முதல் 15 வினாடி. நீங்க இழுத்தா அது எதிர்த்து இழுக்கும், 480 கிலோவோட கயிறு இழுக்குற போட்டியில் யாரும் ஜெயிச்சதில்லை.

புதுக்கடிவாளம் | ஜூன் 19, மாலை 6.45

மருத்துவர் வந்தார். நேரா டிராட் (துள்ளுநடை) விட்டப்போ ஒன்னும் தெரியலை. வலது பின்காலை மடக்கிப் பிடிச்சுட்டு விட்டதும் முதல் எட்டு, பத்து அடி நொண்டல் தெரிஞ்சது. பின்கால் முட்டியின் கீழ் மூட்டில் தேய்மானம், படத்தில் இருக்கு. சிகிச்சை ஆரம்பிச்சாச்சு. லாடமும் மாத்தியாச்சு. சேணத்தில் வலது பக்கப் பஞ்சு ஒரு இடத்தில் உருண்டு போயிருந்தது, பிரிச்சு அடைச்சாங்க. இப்ப மசாஜ் எப்படி?

லாயம்12 | ஜூன் 19, இரவு 9.30

அவர் சொன்ன நாள் வரைக்கும் அந்த மூட்டுப் பக்கம் போகாதீங்க. மத்த இடத்துக்குத் தினம் 10 நிமிஷம், வாராந்திர ஒரு மணி நேரத்துக்குப் பதிலா. வலது பின்கால் வலிச்ச குதிரை எடையை இடது முன்கால் மேல தள்ளியிருக்கும், அதனால இடது தோளையும் கழுத்தடியையும் விட்டுடாதீங்க. நீங்க அங்க எண்ணே போடலை. வலது முதுகுக் கட்டியைத் தேடிப் போய்ப் பிசையாதீங்க, மேல நீவி மட்டும் விடுங்க. காரணம் போயிருந்தா 3, 4 வாரத்தில் அது தானா 1க்கு இறங்கணும். இறங்கலைன்னா திரும்பச் சேணத்தில் இருந்து ஆரம்பிப்போம்.

புதுக்கடிவாளம் | ஜூலை 14, காலை 7.10

வலது முதுகு 1, சில நாள் 0. இடது தோள் 2ல இருந்து 1. சேணம் நடுவில் நிக்குது. இடது வட்டத்தில் டிராட்ல வளையுது, கேண்டருக்கு (மெதுவான பாய்ச்சல்) இன்னும் அனுமதி இல்லை. காதும் மடக்கலை. ஆனா வார் கட்டக் குனிஞ்சா என் சட்டைப் பையைக் கடிக்குது. 2னு போடவா 3னு போடவா?

லாயம்12 | ஜூலை 14, காலை 7.25

பையில் கேரட் இருந்ததா?

புதுக்கடிவாளம் | ஜூலை 14, காலை 7.26

இருந்தது.

லாயம்12 | ஜூலை 14, காலை 7.31

0 போடுங்க. கேரட்டைப் பையில் வைக்காம எட்டாத இடத்தில் வாளியில் வைங்க, நீட்டலுக்கு மட்டும் எடுங்க. வார் கட்டும்போது அதே ஆள், அதே பை, அதே வாசனைன்னா அது உங்களை வலியோட பார்க்குதா பசியோட பார்க்குதான்னு அடுத்த தடவை பிரிக்க முடியாது.